சலவை அறைக் கணக்கு

நூற்றுப் பதினெட்டு வெற்றி, நூற்று முப்பத்தொரு தோல்வி,
இரண்டு சமன்.
கோச் ஆர்லன் குவாம்மேயைப் பற்றிக் கல்லூரி மலரில்
இவ்வளவுதான் போட்டிருக்கிறார்கள்.
படம் வேறு மங்கல்.

மீதியை நான் சொல்கிறேன்.
ஜிம்முக்குக் கீழே, கொதிகலனுக்குப் பக்கத்து அறையில்
இருபத்தாறு பருவம் அவருடைய பையன்களின்
ஜெர்சிகளைத் துவைத்தவள்.
புல் கறைக்கு வினிகர். ரத்தத்துக்குப் பச்சைத் தண்ணீர்.
டகோட்டாச் சேற்றுக்கு மருந்தில்லை,
காயவிட்டு உதறவேண்டும்.

வந்தபோது அவருக்கு முப்பத்தொரு வயது.
முதல் வருடம் ஒன்பது ஆட்டம், ஒன்பதிலும் உதை.
பையன்கள் முப்பத்தெட்டு, தோள்கவசம் முப்பத்தைந்து.
மூன்று பேர் முறைவைத்து உட்கார்ந்தார்கள்.
மைதானத்துக்குக் கோடு போட்டவர் அவர்,
பேருந்து ஓட்டியவர் அவர்,
காலை எட்டு மணிக்கு உடல்நலப் பாடம் நடத்திவிட்டு
மதியம் சிகரெட்டுக்கு ஒதுங்கியவரும் அவர்.

கோடையில் பண்ணை பண்ணையாகப் போவார்.
பால் கறந்துகொண்டிருக்கும் தகப்பனின் பக்கத்தில் நின்று
உதவித்தொகை ஒரு காசு கிடையாது என்பதை
முதலில் சொல்லிவிடுவார்.
அப்புறம் எதைச் சொல்லிப்
பையனை வாங்கிவந்தாரோ.

தோற்ற நாளில் ஜெர்சிகள் மடிப்பு கலையாமல் வரும்.
ஜெயித்தால் உள்வெளியாக, சாக்ஸ் சுருண்டு,
ஒருமுறை பாதிப் பீட்சாவோடு.
ஸ்கோர் கேட்டு நான் ரேடியோ வைத்ததில்லை.

தொண்ணூற்று நான்கில் வாரவாரம்
கூடை கூடையாக உள்வெளி.
ஒரேயொரு தோல்வி.
டிசம்பரில் பெரிய பல்கலைக்கழகம் ஒன்று கூப்பிட்டது.
அதன் அரங்கத்தில் எங்கள் கவுண்டி முழுவதும்
மாடுகளோடு உட்காரலாம்.
பாதிரியார் டியாடனின் டையைக் கடன் வாங்கிக்கொண்டு போனார்.

செவ்வாய்க்கிழமை திரும்பி வந்தார்.
தீவனக் கடையில் சொன்னாராம்:
"வேண்டாமென்று சொல்லிவிட்டேன்.
அங்கே யாருக்கும் யார் பெயரும் தெரியவில்லை."
ஊர் பூரித்துப்போனது.
வங்கி வாசலில் வட்டி விகிதத்தை இறக்கிவிட்டு
'நன்றி கோச்' என்று எழுத்து மாட்டினார்கள்.
கேக் வெட்டினார்கள். நானும் தின்றேன்.

பிப்ரவரியில் அவருடைய கோட்டு சலவைக்கு வந்தது.
தண்ணீரில் போட்ட பிறகுதான் பாக்கெட் நினைவு வந்தது.
நான்காய் மடித்த கடிதம்.
தங்கள் ஆர்வத்துக்கு நன்றி, வேறொருவரைத் தேர்ந்துள்ளோம்.
மூன்றே வரி.
குவாம்மேயில் ஒரு 'ம்' குறைந்திருந்தது.

துண்டின் மேல் விரித்தேன்.
சூட்டைக் குறைத்து இஸ்திரி போட்டேன்.
பழைய மடிப்பிலேயே மடித்து,
காய்ந்த கோட்டின் அதே பாக்கெட்டில் வைத்தேன்.
என் கணவர் டேலிடம்கூடச் சொல்லவில்லை.
டேல் அந்தத் தீவனக் கடையில்தான் வேலை பார்த்தார்.

ஆனால் இஸ்திரி போட்ட காகிதம்
பிறகு பழையபடி நொய்ந்து கிடப்பதில்லை.
அடுத்த வாரம் என் மேஜையில்
ஒரு புது இஸ்திரிப் பெட்டி.
பழையதில் ஆவி ஒழுகுகிறதென்று
ஏழு வருடமாக அலுவலகத்துக்கு எழுதிக்கொண்டிருந்தேன்.
தற்செயலாகவும் இருக்கலாம்.

அப்புறம் பதினெட்டுப் பருவம்.
சில வருடம் உள்வெளி, பல வருடம் மடிப்பு.
முழங்காலில் இரண்டு அறுவை.
மனைவி மார்விஸ் அரிசோனாவுக்குப் போனாள்,
குளிர் தாங்காமல் என்று ஊரில் சொன்னோம்.
எங்களுக்கு அப்படிச் சொல்லப் பழகியிருந்தது.

கடைசியில் புதுத் தலைவர் ஒருவர் வந்து
திரையில் மூன்று வரைபடம் காட்டினார்.
அரை மணி நேரத்தில் முடிந்தது.

மறுநாள் கோட்டைத் திருப்பிக் கொடுக்கப்
படியிறங்கி வந்தார், ஒவ்வொரு படியாக.
"நானே துவைத்துவிட்டேன், லோர்னா."
சிவப்புத் துண்டுகளோடு போட்டிருக்கிறார்.
வெள்ளைக் கைகள் இரண்டும்
பன்றிக்குட்டி நிறம்.

அவர் நிற்கும்போதே
என் கை பாக்கெட்டுக்குள் போய்விட்டது, பழக்கம்.
ஒன்றுமில்லை.
அவர் பார்த்தார்.
முதல்முறையாக, அந்த அறையில்,
வாய்விட்டுச் சிரித்தார்.

அந்த நிறம் போகும்.
இரவு முழுக்க ஊறவைத்தால் போய்விடும்.
நான் ஊறவைக்கவில்லை.